பழைய டிவிடி ரைட்டர் வாங்கப் போகிறீர்களா? கையில் ஓர் ஆர்டபிள்யூ டிஸ்க் இருக்கட்டும்

திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். பலரும் பென்டிரைவுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்து, "மாமா சீர் கொண்டு வந்ததை ஏன் தம்பி வெட்டிட்டே?" என்று கேட்ட பிறகுதான் எடிட்டிங் முடிந்த கணக்கு. அந்தப் பார்வைப் பிரதியை, அழித்து அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கில் போட்டுத் தருவேன். திரும்பி வந்ததும் அழித்துவிட்டு அடுத்த கல்யாணம்.

போன மாதம் என் ரைட்டர் படுத்துவிட்டது. புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். நேரு வீதிப் பக்கம் ஒரு சந்தில் பழைய லேப்டாப் சாமான் விற்கும் கடை. யுஎஸ்பியில் செருகும் ரைட்டர், 900 ரூபாய். மேலே ‘டிவிடி ஆர்டபிள்யூ’ என்று பளபளவென அச்சடித்திருந்தது. கடைப் பையன் ஒரு சினிமா டிஸ்க்கைப் போட்டான், படம் ஓடியது. "பக்கா கண்டிஷன் சார்!"

சினிமா டிஸ்க் ஓடினால் படிக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், எழுதும் என்று அர்த்தமில்லை. இத்தனை வருடத் தொழிலில் இது தெரியாதா எனக்கு? பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், விட்டுவிட்டேன்.

வீட்டில் டிவிடி ஆர்டபிள்யூ டிஸ்க்கைப் போட்டால், இதில் எழுத முடியாது என்றது. டிஸ்க் கோளாறோ என்று உறை பிரிக்காத புதியது ஒன்றைப் போட்டேன். அதே கதை. சில யுஎஸ்பி டிரைவ்களுக்கு எழுதும்போது கரண்ட் பத்தாது, அதனால் வேறு போர்ட்டிலும் மாற்றிப் பார்த்தேன். ம்ஹூம். கடைசியாக ஒரு சிடி ஆர்டபிள்யூ போட்டேன், சமர்த்தாக எழுதியது! அப்போதுதான் பொறி தட்டியது. கம்ப்யூட்டரில் செருகிய கருவிகளைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில் பெயரைப் பார்த்தேன். காம்போ டிரைவ். டிவிடியைப் படிக்கும், சிடியில் மட்டும் எழுதும், அந்தக் கால லேப்டாப்களில் வருமே, அதே சாமான். அதைப் புது உறைக்குள் திணித்து விற்றிருக்கிறார்கள். உறையில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், டிவைஸ் மேனேஜரில் வருவது டிரைவ் தானே சொல்லும் பெயர்.

மறுநாள் லேப்டாப்போடு போனேன். அதற்கு முன் மஞ்சக்குப்பத்து நண்பரின் கம்ப்யூட்டரில் அந்தப் புது டிஸ்க்கை நிறைய எழுதி, படித்துப் பார்த்து வைத்துக்கொண்டேன், ‘உங்க டிஸ்க் சரியில்ல’ என்று சொல்லிவிடக் கூடாதே. கடைக்காரர் அசரவில்லை. "டிவிடி ஓடுது, ஆர்டபிள்யூ சிடி எழுதுது. டிவிடி, ஆர்டபிள்யூ ரெண்டும்தானே சார் போட்டிருக்கு?" என்றார். இப்படியும் ஒரு வியாக்கியானம்!

சத்தம் போட்ட பிறகு வேறொன்று எடுத்தார். இது நிஜமான டிவிடி ரைட்டர்தான். ‘குயிக் எரேஸ்’ கொடுத்துச் சீக்கிரமே முடித்துக் காட்டி, "பாத்தீங்களா, வேலை செய்யுது" என்றார். குயிக் எரேஸ் தொடக்கப் பகுதியை மட்டும்தான் அழிக்கும், மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும். நான் விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து 4 எக்ஸ் வேகத்தில் டிஸ்க் நிறைய எழுதினேன், கால் மணி நேரம். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், விளிம்பில் வரும் கோளாறு முழுசாக நிரப்பினால்தான் தெரியும். அப்புறம் வெரிஃபை, அதாவது எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது. 3 ஜிபி தாண்டியதும் திணறித் திணறி நின்றது. அதே டிரைவில் அவருடைய சினிமா டிஸ்க் ஜோராக ஓடுகிறது! காரணம் இருக்கிறது. கடையில் வாங்கும் ஒற்றை அடுக்குப் பட டிஸ்க் லேசர் ஒளியில் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ 18 முதல் 30 சதவீதம்தான். தேய்ந்த லேசர் முதலில் தடுமாறுவது இதில்தான்.

"அவ்வளவு நிறைய யார் சார் எழுதுறாங்க?" என்றார். நான்தான் எழுதுகிறேன், மூன்று மணி நேரக் கல்யாணம்.

மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கப் பொறுமை இல்லை. பணத்தைக் கேட்டேன். 600 ரூபாய் வந்தது. மீதி 300? ‘டெஸ்டிங் சார்ஜ்’ என்றார். டெஸ்ட் பண்ணியது நான், என் டிஸ்க்கில், என் லேப்டாப்பில்.