நைனாவுக்கு ரெண்டு பாஷையிலயும் ஸ்பீச் தெரபி குடுத்த இடம் – எங்க அனுபவம் (5க்கு 4)

ஸ்ட்ரோக் வந்து பேச்சு போன ஆளு உங்க வீட்டுல இருந்தா, அதுவும் வீட்டுக்குள்ள ஒரு பாஷை வெளிய ஒரு பாஷைனு பேசுற குடும்பமா இருந்தா, இத முழுசா படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். சென்னையில ஒரு பல்கலைக்கழகத்தோட ஸ்பீச் தெரபி டிபார்ட்மென்ட் பத்தின ரிவ்யூ இது. பேரு போடல. நைனா (எங்க அப்பா) அங்க சேர்ந்தது சாதாரண ஓபி பேஷண்டா இல்ல, ஒரு பிஎச்டி ஆராய்ச்சியில, அதுல இருக்கிறவங்க யாருனு வெளிய தெரியாமப் பாத்துக்கிறோம்னு அவங்க வாக்கு குடுத்துருக்காங்க, ஊரு வியாதி வீட்டு பாஷைனு இவ்வளவையும் எழுதிட்டு எடத்தோட பேரையும் போட்டா அந்த வாக்க நானே கெடுத்த மாதிரி ஆயிரும்.

நாங்க கோவில்பட்டி பக்கம். வீட்டுல தெலுங்கு. பல தலைமுறையா இங்கதான், ஆந்திரா பக்கம் போனதுன்னா திருப்பதிக்கு மட்டும்தான். நைனாவுக்கு தெலுங்குல ஒரு எழுத்து எழுதவோ படிக்கவோ தெரியாது, அவ்வா (பாட்டி) கிட்டயும் அம்மா கிட்டயும் பேசிப் பேசி வந்த பாஷை. மளிகைக் கடை 30 வருஷத்துக்கு மேல, கடையில முழுக்க தமிழ், கணக்கு தமிழ்ல, பேப்பர் தமிழ்ல. வீட்டுப் படி ஏறுனா தெலுங்கு. எங்க தெருவுல பாதிப் பேரு இப்படித்தான், அதனால இத ஒரு விஷயமா நாங்க யாருமே நெனச்சதில்ல.

ஒருநாள் காலையில கடை திறக்கும்போது வலது கை வலது கால் இழுத்துக்கிச்சு, பேச்சு நின்னு போச்சு. எடது பக்க மூளையில அடைப்பு. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறதுக்குள்ள நாலரை மணி நேரம் தாண்டிருச்சு, அதுக்குள்ள போயிருந்தா அடைப்பக் கரைக்கிற ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்னு சொன்னாங்க, இத படிக்கிறவங்க அந்த நாலரை மணி நேரத்த மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. உயிர காப்பாத்துனாங்க, அதுக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு நன்றி. ஆனா ஐசியூல இருந்த மூணாவது நாள் நர்ஸ் வெளிய வந்து, "நீளு நீளுனு ஏதோ உளர்றாரு, நெனவு சரியா இல்ல போல"னு சொன்னாங்க. எங்க அம்மா அங்கயே உக்காந்து அழுதுட்டாங்க. நீள்ளுன்னா தெலுங்குல தண்ணி. மனுஷன் தண்ணி கேட்டிருக்காரு, ரெண்டு நாளா கேட்டிருக்காரு, அது உளறல்னு ஆயிருச்சு.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பேச்சு பத்திக் கேட்டா "தானா வரும், பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க"னு சொல்லி அனுப்பிட்டாங்க. பக்கத்து டவுன்ல ஒரு தனியார் சென்டர்ல காட்டுனோம், அங்க ஒரு படப் புஸ்தகத்த எடுத்து ஒவ்வொண்ணா இது என்ன இது என்னனு கேட்டாங்க. இக்லூ, பீவர், ஹார்மோனிகா. பனிக்கட்டியில கட்டின வீட்ட என் நைனா ஸ்ட்ரோக்குக்கு முன்னாடியும் பாத்ததில்ல, அதுக்கு பதில் சொல்லலன்னு மார்க் போட்டு "சிவியர்"னு எழுதிக் குடுத்தாங்க. பின்னாடிதான் தெரிஞ்சுது, அது அமெரிக்காவுல, அந்த ஊரு ஆளுங்களுக்காக செஞ்ச பாஸ்டன் நேமிங் டெஸ்ட்னு ஒண்ணு, மொத்தம் 60 படம். அங்க அது சரியான டெஸ்டுதான். கோவில்பட்டி மளிகைக்கடைக்காரருக்கு அத அப்படியே தூக்கி வெச்சதுதான் தப்பு.

தெரிஞ்சவங்க ஒருத்தங்க மூலமா இந்த டிபார்ட்மென்ட் பத்தி கேள்விப்பட்டு நெல்லை எக்ஸ்பிரஸ் புடிச்சுப் போனோம். முத நாள் ஒன்றரை மணி நேரம் நைனாவ ஒரு டெஸ்டும் பண்ணல. அந்த பிஎச்டி ஆராய்ச்சி பண்ற ஸ்காலர் பொண்ணு (அவங்க பேரும் வேணாம்) எங்க அம்மாவ உக்கார வெச்சு கேள்வி கேட்டாங்க. அவரு யார்கிட்ட எந்த பாஷை பேசுவாரு, கணக்கு எதுல போடுவாரு, கோவம் வந்தா எதுல திட்டுவாரு, சாமி எதுல கும்புடுவாரு, தூக்கத்துல பேசுனா எதுல பேசுவாரு, பள்ளிக்கூடத்துல எதுல படிச்சாரு, எந்த வயசுல தமிழ் பழகுனாரு. அதுவரைக்கும் நாங்க மூணு டாக்டர் பாத்துருக்கோம், இவரு என்ன பாஷை பேசுற ஆளுனு ஒருத்தர் கூட கேட்டதில்ல. எனக்கு அந்த ஒன்றரை மணி நேரத்துக்கே நாலு ஸ்டார் குடுக்கலாம்.

அப்புறம் நைனா கிட்டயே கையெழுத்து வாங்குனாங்க. பேச முடியாதவருக்கு ஆராய்ச்சி ஒப்புதல் ஃபார்ம் எப்படி புரிய வைக்கிறதுனு நான் யோசிச்சேன், படம் போட்ட ஃபார்ம் வெச்சிருந்தாங்க, ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம், சரின்னா கட்டைவிரல் படத்த காட்டணும், எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம்னு ஒரு பக்கம் தனியா. என்னைய கேட்டு முடிக்காம அவர கேட்டாங்க பாருங்க, அதுல மனுஷன் மொகமே மாறிருச்சு. கைநாட்டு வைக்க மாட்டேன்னு தலைய ஆட்டிட்டு எடது கையால கோணக்கோணையா பேர எழுதுனாரு.

வியாதிக்கு பேரு அஃபேசியானு அங்கதான் முழுசா புரிய வெச்சாங்க. ஸ்ட்ரோக் வர்றவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இது வருதாம். புத்தி அப்படியே இருக்கு, ஆளு அடையாளம் தெரியுது, கடையில யாரு எவ்வளவு பாக்கினு கூட உள்ள இருக்கு, வார்த்தைய எடுத்து வாய்க்கு கொண்டு வர்ற வழிதான் அறுந்து கெடக்கு. நைனாவுக்கு இருந்தது ப்ரோக்கா வகை, 1861ல பாரிஸ்ல ப்ரோக்கானு ஒரு டாக்டர் "டான்"ங்கிற ஒரே சத்தத்த மட்டும் சொல்லிக்கிட்டிருந்த ஒரு பேஷண்ட வெச்சு மூளையோட அந்த எடத்த காட்டுனாரு, அதனால அந்தப் பேரு. ஒண்ணு ரெண்டு மூணுனு வரிசையா சொல்லச் சொன்னா நைனா பத்து வரைக்கும் கடகடனு சொல்லிருவாரு, ஆனா நாலு விரல காட்டி எத்தனைன்னா திணறுவாரு. மார்கழி பஜனைப் பாட்ட எடுத்துக் குடுத்தா ரெண்டு வரி கூடவே வரும். நாங்க இத பாத்துட்டு "நெனச்சா பேசுறாரு, இல்லன்னா அடம் புடிக்கிறாரு"னு வீட்டுல அவர்கிட்ட சண்ட போட்டிருக்கோம். வாய்க்குப் பழகிப்போன பேச்சு வேற, யோசிச்சு வார்த்தைய தேடுற பேச்சு வேறனு அந்தப் பொண்ணு சொன்னப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

ரெண்டு பாஷை விஷயத்துக்கு வர்றேன், இதுதான் அவங்க ஆராய்ச்சியே. ரெண்டு பாஷை பேசுறவங்களுக்கு ஸ்ட்ரோக் வந்தா ரெண்டும் ஒண்ணா திரும்பி வரணும்னு இல்ல. ஒண்ணு முன்னாடி வரலாம், ஒண்ணு வரும்போது இன்னொண்ணு அமுங்கலாம், ரெண்டும் கலந்தும் வரலாம். சின்ன வயசுல பழகுனதுதான் மொதல்ல வரும்னு ரிபோனு ஒருத்தர் 1880கள்லயே சொன்னாரு, இல்ல நோய் வர்ற சமயத்துல எது அதிகமா பேசுனாங்களோ அதுதான் வரும்னு பித்ரேனு இன்னொருத்தர் 1895ல சொன்னாரு, ரெண்டுமே எல்லாருக்கும் பொருந்தலயாம். அதனாலதான் ஒவ்வொருத்தரையும் ரெண்டு பாஷையிலயும் தனித்தனியா பாக்கணும்ங்கிறாங்க. கனடாவுல மெக்கில் யூனிவர்சிட்டியில இருந்த மிஷல் பாரடி இதுக்குன்னே ஒரு டெஸ்ட 1987ல கொண்டு வந்தாரு, ஒரு பாஷையில இருந்து மொழிபெயர்க்காம ஒவ்வொரு பாஷைக்கும் தகுந்த மாதிரி செய்யணும்ங்கிறதுதான் அதோட அடிப்படை.

நைனாவ ரெண்டு தனித்தனி நாள்ல பாத்தாங்க, ஒரு நாள் தமிழ் மட்டும், ஒரு நாள் தெலுங்கு மட்டும். தெலுங்கு நாள்ல ஒரு சிக்கல். அவங்க வெச்சிருந்த தெலுங்கு ஷீட்டு ஆந்திரா தெலுங்கு, அதுல இருந்த வாக்கியத்துல பாதி எங்க அம்மாவுக்கே புரியல. அந்தப் பொண்ணு அத மூடி வெச்சுட்டு, ரெண்டு நாள் டைம் கேட்டு, எங்க அம்மா கூட உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா எங்க வீட்டுப் பேச்சுக்கு மாத்தி எழுதி, அத அவங்க கைடு கிட்ட காட்டி ஒத்துக்க வெச்சு, அதுக்கப்புறம்தான் டெஸ்ட் பண்ணாங்க. "ஏம்மா, நாங்க பேசுறது கொச்சை, அது பரவால்லயா"னு அம்மா கேட்டதுக்கு "அம்மா, அப்பா பேசுற பாஷை எதுவோ அதுதான் சரியான பாஷை"னு சொன்னாங்க.

படமும் அவங்களே வரைஞ்சது. அம்மி, முறம், உலக்கை, தராசு, சாக்கு, அரிவாள்மனை. 30 படத்துல தெலுங்குல 11 சொன்னாரு, தமிழ்ல 4. "சிவியர்"னு ஒரே வார்த்தையில எழுதி வெச்ச மனுஷன்! சொன்ன தமிழ் நாலுல உப்பும் பாலும் உண்டு, தெலுங்குலயும் அது உப்பு, பாலு. ரெண்டு பாஷையிலயும் ஒரே மாதிரி இருக்கிற வார்த்தை சீக்கிரம் வரும்னு சொன்னாங்க. வெல்லம் பெல்லம் அடுத்த வாரம் வந்துச்சு. புளி மட்டும் ரொம்ப நாள் வரல, தெலுங்குல அது சிந்தபண்டு, ரெண்டுக்கும் ஒட்டே இல்லயே.

தெரபி தமிழ்ல குடுத்தாங்க, கடைக்குத் திரும்பணும்ங்கிறதுதான் நைனா ஆசை, அதுவும் இல்லாம பின்தங்கி இருக்கிற பாஷையில பயிற்சி குடுத்தா மத்த பாஷையும் கூட ஏறலாம்ங்கிறதுக்கு ஆதாரம் இருக்காம். இப்ப பாஸ்டன் யூனிவர்சிட்டியில இருக்கிற ஸ்வாதி கிரணும் லிசா எட்மண்ட்ஸும் 2006ல ஸ்பானிஷ் இங்கிலீஷ் பேசுற மூணு பேர வெச்சு அத காட்டியிருக்காங்க. மூணு பேருதான், அதனால எல்லாருக்கும் நடக்கும்னு சொல்ல முடியாதுனு அவங்களே சொல்லிட்டாங்க. செய்யிற விதம் ஒண்ணும் பெரிய மெஷின் இல்ல. நடுவுல தராசு படம். இது எந்த வகை, எதுக்கு உதவும், எங்க இருக்கும், எப்படி இருக்கும், இத பாத்தா வேற என்ன ஞாபகம் வருது. படிக்கல்லு, கடை, நிறுக்கிறது, முள்ளுனு சுத்திச் சுத்தி வந்து கடைசியில "தரா... தராசு". ஒரு வார்த்தைக்கு இருபது நிமிஷம் ஆன நாளும் உண்டு, அந்தப் பொண்ணு ஒரு தடவ கூட முந்திக்கிட்டு வார்த்தைய சொல்லல. ரெண்டு வாரம் நேர்ல, அப்புறம் ஒரு மாசம் வீட்டுல இருந்து வீடியோ கால்ல.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு கோவம் வந்துச்சு. 40 வார்த்தை எடுத்து, 20க்கு பயிற்சி, 20 சும்மா விட்டுருவாங்க, வீட்டுல நாங்களும் அத சொல்லித் தரக்கூடாது. விட்ட வார்த்தை லிஸ்ட்டுல "மாத்திரை" இருந்துச்சு. தலைவலிக்கு மாத்திரை கேக்க முடியாம மனுஷன் தவிக்கிறாரு, அத சொல்லித் தரக்கூடாதான்னு சண்டையே போட்டேன். முத மூணு நாலு மாசத்துல மூளை தானாவும் கொஞ்சம் சரியாகும், அது எவ்வளவு, தெரபியால எவ்வளவுனு பிரிச்சுப் பாக்கத்தான் இப்படினு பொறுமையா சொன்னாங்க, காரணம் நியாயமானதுதான், அதோட "மாத்திரை"ய எடுத்துட்டு வேற வார்த்தை போட்டாங்க. நீங்க சேர்ந்தா அந்த லிஸ்ட்ட முத நாளே வாங்கிப் பாருங்க, அவசரத்துக்கு வேண்டிய வார்த்தை இருந்தா அப்பவே சொல்லுங்க.

ஆறு வாரம் கழிச்சு அதே 30 படம். தெலுங்கு 19, தமிழ் 13. சொல்லிக் குடுக்காத தெலுங்கும் ஏறியிருக்கு. இது எங்க தெரபியால மட்டும்னு நாங்க சொல்ல மாட்டோம்னு அவங்களே சொன்னது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

அவங்க கிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டதுல இன்னொண்ணு. ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில டாக்டர் சுவர்ணா அல்லாடியும் எடின்பரோ யூனிவர்சிட்டி தாமஸ் பாக்கும் சேர்ந்து 648 டிமென்ஷியா (மறதி நோய்) பேஷண்டுகள பாத்து 2013ல எழுதுனது, ரெண்டு பாஷை பேசுறவங்களுக்கு நோய் சராசரியா நாலரை வருஷம் தள்ளி வந்திருக்கு, பள்ளிக்கூடமே போகாதவங்க கிட்டயும் அந்த வித்தியாசம் இருந்திருக்கு. அதே குழு 2016ல 608 ஸ்ட்ரோக் பேஷண்டுகள பாத்ததுல, ஸ்ட்ரோக்குக்கு அப்புறமும் யோசிக்கிற திறன் சரியா இருந்தவங்க ரெண்டு பாஷைக்காரங்கள்ல 40.5 சதவீதம், ஒரு பாஷைக்காரங்கள்ல 19.6. ஆனா அஃபேசியா வர்றதுல மட்டும் பெரிய வித்தியாசம் இல்ல. பிள்ளைங்களுக்கு தெலுங்கு எதுக்குனு எங்க சொந்தத்துல விட்டுட்டாங்க, நானும் என் மகன் கிட்ட தமிழ்தான் பேசிக்கிட்டிருந்தேன். இப்ப தாத்தா கூட தெலுங்குல பேசச் சொல்லி உக்கார வைக்கிறேன்.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, ஆராய்ச்சி முடிஞ்சதும் சர்வீஸும் முடிஞ்சிருச்சு. ஸ்காலர் தீசிஸ் எழுதப் போயிட்டாங்க, கையில வீட்டுப் பயிற்சி ஷீட்டு குடுத்து மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. ஓபில தொடரலாம்னா அங்க இருக்கிற தெரபிஸ்டுக்கு தெலுங்கு தெரியாது, தமிழ் மட்டும்தான், வாரம் ஒரு தடவ, அதுவும் கோவில்பட்டியில இருந்து எப்படி வர்றது. மனுஷன் ஏறிக்கிட்டு வர்ற நேரத்துல படிய எடுத்த மாதிரி இருந்துச்சு. ஆராய்ச்சிக்கு பணம் ஒதுக்கும்போதே அதுக்கு பின்னாடி ஒரு வருஷத்துக்கும் சேத்து ஒதுக்கணும், இத ஃபீட்பேக் ஃபார்ம்லயும் எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.

பணம்னு பாத்தா ஓபி சீட்டு தவிர எதுவும் வாங்கல, போக்குவரத்துக்கு தினமும் கொஞ்சம் குடுத்தாங்க. ரூம் சின்னது, பக்கத்துல கேன்டீன் சத்தம், பேச்சு தெரபிக்கு அது நல்லா இல்ல. வீல்சேருக்கு ரேம்ப் இருக்கு, லிஃப்ட் ரெண்டு நாள் ஓடல.

போறவங்க ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மூக்குக் கண்ணாடி (நாங்க மறந்துட்டுப் போய் ஒரு நாள் வீணாச்சு), அப்புறம் அவரு கூட வீட்டுப் பாஷை நல்லா பேசுற ஒருத்தர், இவ்வளவும் கொண்டு போங்க. தெரபிஸ்ட் ஆர்சிஐல (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பண்ணவங்களானு எங்க போனாலும் கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல அஃபேசியாவும் பேச்சு மொழி குறைபாட்டுல வருது, சர்டிபிகேட்டுக்கு மனு போடலாம், நாங்க போட்டிருக்கோம்.

நைனா இப்ப சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கடையில உக்கார்றாரு. பழைய வாடிக்கை எல்லாரும் "அண்ணாச்சி, மெதுவா சொல்லுங்க"னு நிக்கிறாங்க. போன வாரம் ஒரு அம்மா புளி கேட்டாங்க, நைனா ரொம்ப நேரம் தேடிட்டு "சிந்தபண்டு"னாரு, அந்த அம்மாவும் எங்க தெருதான், "ஆமா அண்ணாச்சி, அதுதான், கால் கிலோ"னு வாங்கிட்டுப் போனாங்க.