தென்னைக்கு நடுவே கம்பியா, வளையமா, குடையா? 475 கிலோஹெர்ட்ஸில் ஒரு வாட்டுக்கு மூன்று வழிகள்

475 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 631 மீட்டர். கால் அலை ஏரியல் நிறுத்த 158 மீட்டர் உயரம் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்து நெட்டைத் தென்னை 20 மீட்டரைத் தொட்டாலே பெரிது. அதாவது நமக்குக் கிடைப்பது தேவையில் எட்டில் ஒரு பங்கு உயரம்தான். 630 மீட்டர் பட்டையில் ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) செய்கிற சோதனைகள் எல்லாமே இந்தக் குறையைச் சரிக்கட்டும் முயற்சிகள்.

2012-ல் நடந்த உலக வானொலி மாநாடு 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கு இரண்டாம் நிலைப் பயன்பாடாக ஒதுக்கியது. பொதுவான உச்சவரம்பு 1 வாட் ஈ.ஐ.ஆர்.பி. இது டிரான்ஸ்மிட்டரிலிருந்து வெளிவரும் வாட் அல்ல. ஏரியலிலிருந்து வானில் போகிற வாட்டை, எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஏரியலோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. உங்கள் உரிமத்துக்கான அதிர்வெண் அட்டவணையில் இந்தப் பட்டை இருக்கிறதா, எவ்வளவு சக்திக்கு அனுமதி என்று பார்த்துவிட்டே அனுப்பும் சாவியைத் தொட வேண்டும். அதுவரை டம்மி லோடிலும் (ஏரியலுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் தடை) கேட்பதிலும் செய்ய நிறைய வேலை இருக்கிறது. அமெரிக்காவில் 510 முதல் 1705 கிலோஹெர்ட்ஸ் வரை 100 மில்லிவாட், 3 மீட்டர் கம்பி என்ற வரம்புக்குள் உரிமமில்லாமல் அனுப்பலாம் என்பதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த விதி அந்த நாட்டுக்கு மட்டும்.

இனி ஏரியல். கொங்கு நாட்டில் நடைமுறைக்கு ஒத்துவருவன மூன்று. முதலாவது இன்வெர்டட்-எல்: 15 மீட்டர் செங்குத்துக் கம்பி, அதன் தலையிலிருந்து இரு தென்னைகளுக்கு நடுவே 40 மீட்டர் கிடைக்கம்பி. இரண்டாவது குடை: 12 மீட்டர் ஜி.ஐ. குழாய், உச்சியிலிருந்து சரிந்து இறங்கும் நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் 10 மீட்டர். மூன்றாவது வளையம்: 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிற்கும் ஒரு சுற்றுச் செவ்வகம், 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில். முதல் இரண்டுக்கும் எர்த் இழப்பு 40 ஓம் என்றும், வளையத்தின் மொத்த இழப்பு 2.5 ஓம் என்றும் வைத்துக் கணக்கிட்டால்:

| | இன்வெர்டட்-எல் | குடை | வளையம் |
|---|---|---|---|
| கதிர்வீச்சுத் தடை (சக்தியை அலையாக மாற்றும் பங்கு) | 0.64 ஓம் | 0.25 ஓம் | 0.016 ஓம் |
| ஒத்திசைக்க | 390 மைக்ரோஹென்றி காயில் | 560 மைக்ரோஹென்றி காயில் | 1100 பிகோஃபாரட் |
| 1 வாட் ஈ.ஐ.ஆர்.பி.க்கு ஏரியல் கரண்ட் | 0.72 ஆம்பியர் | 1.15 ஆம்பியர் | 4.6 ஆம்பியர் |
| டிரான்ஸ்மிட்டர் சக்தி | சுமார் 25 வாட் | சுமார் 60 வாட் | சுமார் 53 வாட் |
| உச்சக்கட்ட வோல்டேஜ் | 1200 | 2700 | 1950 |

குடைக்கும் வளையத்துக்கும் வாட் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இரண்டிலும் சக்தி வீணாகும் இடம் வேறு. குடையின் 60 வாட்டில் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்குகிறது. வளையத்தின் 53 வாட் கம்பியிலும் கண்டன்சரிலும் அருகிலுள்ள மண்ணிலும் கரைகிறது. எர்த்தோடு அதற்கு நேரடி இணைப்பே கிடையாது. எந்த ஏரியல் என்று முடிவெடுக்கும் முன் உங்கள் காட்டு மண்ணைப் பாருங்கள்.

கோபி பக்கம் வாய்க்கால் பாசன வயல், பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்பு, பல்லடம், உடுமலைக் கரிசல் இங்கெல்லாம் ஈரம் தங்கும். எர்த் கம்பிகள் பதித்தால் பலன் உடனே தெரியும். இங்கே இன்வெர்டட்-எல்லைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. காங்கயம், தாராபுரத்துக் கொறங்காடு (மேய்ச்சல் காடு) வேறு மாதிரி: கிளுவை வேலி, வெள்வேல மரம், அரையடி மண்ணுக்குக் கீழே சுக்கான்கல். உயர்ந்த மரமும் இல்லை, ஈரமும் இல்லை. பனைமரம் இரண்டு சரியான இடைவெளியில் அமைந்தால் கம்பி கட்டலாம். இல்லையென்றால் அந்த மண்ணில் 40 ஓம் எர்த்தே கனவுதான். அங்கே வளையம் ஜெயிக்கும். குடை என்பது ஊருக்குள் சிறு காலியிடம் மட்டும் உள்ளவர்களுக்கு. வேறு வழியே இல்லாதபோது கட்ட வேண்டியது அது.

இன்வெர்டட்-எல்லில் ஏமாறும் இடங்கள் நான்கைந்து உண்டு. செங்குத்துக் கம்பியைத் தென்னை மரத்தோடு ஒட்டி ஏற்றக்கூடாது. நீரேறிய மரம் சக்தியை உறிஞ்சும். குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிற்கட்டும். கிடைக்கம்பியின் முனைதான் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும் இடம். ஓலை நுனி அதில் உரசினால் பொறி பறக்கும், ஓலை கருகும், கரண்ட் மீட்டர் துள்ளும். முனைக்கும் கொண்டைக்கும் இடையே 20 செ.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டை இன்சுலேட்டராகப் போட்டு, அதற்கப்பால் 3 மீட்டர் நைலான் கயிறு விடுங்கள். கயிற்றைக் கப்பியில் ஓட்டி மறுமுனையில் எடைக்கல் தொங்கவிடுவது கட்டாயம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது இரு மரமும் எதிரெதிராக ஆடும். இறுக்கிக் கட்டிய கம்பி அன்றைக்கே அறுந்துவிடும். காய்ந்த மட்டை விழுகிற கோட்டுக்கு நேர்கீழே கம்பி போகாதபடியும் பார்க்க வேண்டும். மரமேறுபவர் வரும் நாளில் டிரான்ஸ்மிட்டரின் பவர் வயரைக் கழற்றி எடுத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

காயில் வீட்டிலேயே சுற்றலாம். 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 1.5 சதுர மி.மீ. ஹவுஸ் வயரை நெருக்கமாக 107 சுற்று சுற்றினால் 32 செ.மீ. நீளத்தில் சுமார் 390 மைக்ரோஹென்றி வரும். கம்பி 38 மீட்டர் போகும். உங்கள் கம்பியின் கெபாசிட்டன்ஸ் கணக்கோடு சரியாக ஒத்துப்போகாது. ஆகவே 120 சுற்று சுற்றிக்கொண்டு, கடைசி 30 சுற்றில் இரண்டு சுற்றுக்கு ஒரு டேப் (இடை இணைப்பு) எடுங்கள். நுண்ணிய திருத்தத்துக்கு 75 மி.மீ. குழாயில் 15 சுற்று சுற்றி, பெரிய காயிலுக்குள் திரும்பும்படி வைத்துத் தொடரில் இணைத்தால் வேரியோமீட்டர் (திருப்பித் திருத்தும் காயில்) தயார். காயிலை மழை தொடக்கூடாது. நனைந்தால் ஒத்திசைவு கீழே இறங்கும், இழப்பும் கூடும். மூடி போட்ட தண்ணீர் டிரம்முக்குள் வைப்பதே மலிவான வழி. சுற்றிலும் உலோகத் தகரம் வேண்டாம்.

எர்த் விஷயத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். போர்வெல் இரும்புக் கேசிங் இருந்தால் அது நல்ல தொடக்கம். பி.வி.சி. கேசிங் என்றால் அதனால் பயனில்லை. மோட்டார் ஸ்டார்ட்டருக்கான எர்த்திலோ, மின்வாரிய நியூட்ரலிலோ ஏரியல் எர்த்தை இணைக்காதீர்கள். லைனில் ஓடும் இரைச்சல் முழுவதும் ரிசீவருக்குள் வந்துவிடும், சாவியை அழுத்தினால் ஸ்டார்ட்டரும் தடதடக்கும். செங்குத்துக் கம்பியின் அடியிலிருந்து 15 முதல் 20 மீட்டர் நீளத்தில் 24 கம்பிகளை எல்லாத் திசையிலும் விரித்து, உழவுக்குத் தடையில்லாத ஆழத்தில் பதிப்பதே சரியான வேலை. நான்கு எர்த் ராடு அடித்து முடித்துக்கொள்வது இந்த அலைவரிசைக்குப் போதாது. மண்ணில் கரண்ட் ஏரியலைச் சுற்றிப் பரவிக் கிடக்கிறது, ராடு இருக்கும் புள்ளியில் மட்டும் அல்ல.

பலனை அளப்பது எளிது. நானோவிஎன்ஏ (ஏரியலை அளக்கும் கையடக்கக் கருவி) 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யும். ரியாக்டன்ஸ் (காயிலும் கெபாசிட்டன்ஸும் தரும் எதிர்ப்பு) பூஜ்யமாகும் இடத்தில் காட்டுகிற ஓம் அளவுதான் உங்கள் மொத்த இழப்பு. 45 ஓம் வந்தால் 50 ஓம் கேபிளை நேராக இணைக்கலாம். கம்பிகளைச் சேர்க்கச் சேர்க்க அது இறங்கி 25 ஓமுக்கு வந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளுக்கும் ஏரியலுக்கும் உள்ள பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 2 ஆகும். அதைக் கண்டு பயந்து கம்பியைப் பிடுங்கியவர்களும் உண்டு. உண்மையில் அது நல்ல செய்தி: அதே 1 வாட்டுக்கு 25 வாட் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 13 வாட் போதும். ஃபெரைட் டொராய்டில் (வளைய வடிவ உள்ளகம்) 14-க்கு 10 சுற்று டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். சரியாகும். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழைக்குப் பிறகும் அளந்து இரண்டையும் குறித்து வையுங்கள். செம்மண் நிலத்தில் இரண்டும் ஒன்றாக இருக்காது.

வளையத்துக்கு வருவோம். இங்கே எதிரி கண்டன்சர். பழைய ரேடியோவின் கேங் கண்டன்சர் 4.6 ஆம்பியரையும் 1950 வோல்ட்டையும் தாங்காது, பிளேட்டுக்கு நடுவே வில் பாயும். உயர் வோல்டேஜ் பாலிபுரொப்பிலீன் அல்லது மைக்கா கண்டன்சர்களைத் தொடரிலும் இணையிலும் அடுக்கி 1000 பிகோஃபாரட் ஆக்கி, மீதி 100-ஐ அகல இடைவெளியுள்ள காற்று வேரியபிளில் பிடியுங்கள். ஒவ்வொரு சாலிடர் இணைப்பும் கணக்கில் வரும்: 2.5 ஓம் மொத்த இழப்பில் அரை ஓம் கெட்ட இணைப்பு ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 50 ஓமிலிருந்து 2.5 ஓமுக்கு இறக்க 9-க்கு 2 சுற்று. வளையத்தின் அலைவரிசை அகலம் 4 கிலோஹெர்ட்ஸ்தான். பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் மறுபடி டியூன் செய்ய வேண்டும். இன்வெர்டட்-எல் 18 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் முழுப் பட்டையையும் ஒரே டேப்பில் தாங்கும். வளையத்துக்குத் திசையும் உண்டு. அதன் தளத்தில் இருக்கும் ஊர்களுக்கு நன்றாகப் போகும், குறுக்கே இருப்பவர்களுக்குப் போகாது. கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டிவிட்டுத் தெற்கிலிருந்து அறிக்கை வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

டிரான்ஸ்மிட்டரில் அதிகம் ஒப்பிட ஒன்றுமில்லை. இரண்டு ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் புஷ்-புல் கிளாஸ்-டி (சுவிட்ச் போல இயங்கும் பெருக்கி), 13.8 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் சொச்சத்தில் 25 வாட் தரும். கிளாஸ்-ஈ இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக ஓடும், ஆனால் ஏரியல் காற்றில் ஆடி லோடு மாறும்போது அதன் வேலைப் புள்ளி நகர்ந்து மாஸ்ஃபெட் போய்விடும். தென்னையில் கட்டிய ஏரியலுக்குக் கிளாஸ்-டிதான் பொறுமையானது. எஸ்ஐ5351 அலையாக்கிச் சிப்பில் இரு மடங்கு அதிர்வெண் எடுத்து 74ஹெச்சி74-ல் இரண்டாக வகுத்தால் துல்லியமான 50 சதவீத அலை கிடைக்கும், இரண்டாம் ஹார்மோனிக் அமுங்கும். மூன்றாவது 1425 கிலோஹெர்ட்ஸில், அதாவது அக்கம்பக்கத்தார் கேட்கிற மீடியம் வேவ் பட்டைக்குள்ளேயே விழும். ஆகவே லோ-பாஸ் ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடிகூட அனுப்பக்கூடாது. டி106-2 டொராய்டில் 37 சுற்று வீதம் இரண்டு காயில், இரு ஓரங்களில் 5.6 நானோஃபாரட்டோடு 470 பிகோஃபாரட், நடுவில் 10 நானோஃபாரட்டோடு 470 பிகோஃபாரட். எல்லாம் பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். செராமிக் டிஸ்க் சூடாகி மதிப்பு நகர்ந்துவிடும்.

அனுப்புகிற ஏரியலிலேயே கேட்க நினைப்பது இந்தப் பகுதியில் பெரும்பாலும் தோற்கும். மில்களின் வி.எஃப்.டி. (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), சோலார் இன்வெர்ட்டர், எல்.ஈ.டி. டியூப், தொண்டாமுத்தூர், தடாகம் பக்கம் யானைக்காகப் போட்ட சோலார் மின்வேலி எல்லாம் 475-ல் கேட்கும். மின்வேலியை எளிதில் அடையாளம் காணலாம்: நொடிக்கு ஒருமுறை டிக், டிக் என்று சீராக அடிக்கும். கேட்பதற்கென்று 1 மீட்டர் மரச்சட்டத்தில் 1 செ.மீ. இடைவெளி விட்டு 8 சுற்று சுற்றுங்கள். சுமார் 170 மைக்ரோஹென்றி வரும், 650 பிகோஃபாரட் வாக்கில் ஒத்திசையும். பழைய இரட்டை கேங்கின் இரு பகுதிகளையும் இணையாகப் போட்டால் சரியாக அமையும். இங்கே சக்தி இல்லாததால் அந்த கேங் தாராளமாகத் தாங்கும். சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) 30 மீட்டர் தள்ளி வைத்துத் திருப்பிப் பார்த்தால், அச்சுக்கு நேராக இருக்கிற இரைச்சல் அமுங்கும். டியூன் செய்த சட்டமாக இருப்பதில் இன்னொரு லாபம்: கோவை வானொலியின் 999-ஐயும், கணவாய்க்கு அப்பால் திருச்சூருக்கு உரிய 630-ஐயும் ரிசீவருக்கு வரும் முன்பே குறைத்துவிடும். டைரக்ட் சாம்ப்ளிங்கில் ஓடும் மலிவு எஸ்.டி.ஆர். குச்சிக்கு (கணினியில் செருகும் மென்பொருள் ரிசீவர்) இது இல்லாமல் முடியாது. சாதாரண சூப்பர்ஹெட் ரேடியோவைக் கீழே இழுத்து 475-க்குக் கொண்டுவரும் முயற்சி வேண்டாம். அதன் ஐ.எஃப். (உள்ளே மாற்றிக்கொள்ளும் இடை அதிர்வெண்) 455 கிலோஹெர்ட்ஸ். அவ்வளவு அருகில் வந்தால் ஊளையிடும்.

முறைகளில் மோர்ஸுக்கு மதிப்பு உண்டு, ஆனால் 1 வாட்டில் ஏரியலை ஒப்பிட விஸ்பர்தான் (WSPR, மெல்லிய சிக்னலைக் கணினி படிக்கும் முறை) கருவி. டயல் 474.2, யு.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை). இரண்டு நிமிடச் சுற்று, 6 ஹெர்ட்ஸ் அகலம், காதுக்குக் கேட்காத அளவுக்கு இரைச்சலுக்குள் மூழ்கினாலும் படித்துவிடும். இன்வெர்டட்-எல்லையும் வளையத்தையும் ஒரே இரவில் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 10 சுற்று வீதம் அனுப்பி, ஒரே நிலையங்கள் தரும் டெசிபல் அறிக்கைகளை மட்டும் கூட்டி ஒப்பிடுங்கள். ஒரு இரவு ஒன்றையும் மறு இரவு மற்றதையும் ஓட்டினால் வானத்தைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள். இரு முறையும் ஏரியல் கரண்டை அளந்து, கரண்டின் வர்க்கத்தைக் கதிர்வீச்சுத் தடையாலும் 3-ஆலும் (தரைமேல் குட்டை ஏரியலின் திசைப் பெருக்கம்) பெருக்கி, ஈ.ஐ.ஆர்.பி. சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மார்கழி, தை இரவுகள் இதற்கு உகந்தவை. சித்திரையில் கோடை மழை தொடங்கிவிட்டால் இடி இரைச்சலில் எதுவும் தேறாது. மேற்கே மின்னல் தெரிந்தவுடன் 55 மீட்டர் கம்பியின் அடியைக் காயிலிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியிலேயே எர்த்தில் மாட்டிவிட்டு வாருங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் அந்தக் கம்பியின் பக்கமே போகக்கூடாது.