பழைய பைண்டு தொடர்கதை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் முடிச்சூர் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். பாட்டி வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகள் எல்லாம் கூழாகிவிட்டன. அன்றிலிருந்து நடைபாதைக் கடை, பழைய பேப்பர் கடை என்று அலைந்து அறுநூறு புத்தகங்கள்வரை திரும்பச் சேர்த்திருக்கிறேன். இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் போன மாதம் ஏமாந்துபோனேன்.

ஃபேஸ்புக்கில் ஒருவர் போட்டிருந்தார்: 'பொன்னியின் செல்வன், கல்கியில் முதன்முதலாக வந்தது, மணியம் ஓவியங்களுடன், ஐந்து பாகமும் ஒரிஜினல் பைண்டிங், 14,000 ரூபாய்.' படம் நான்குதான்: மூன்று அட்டைப் படம், ஒரு ஓவியம். உள்பக்கப் படம் கேட்டதற்கு, "இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்கார் சார், இப்பவே சொன்னாத்தான்" என்றார். அம்மாவிடம் காட்டினேன். "எங்கம்மா வச்சிருந்த மாதிரியே இருக்குடா" என்றார். அவ்வளவுதான், ஜிபேயில் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்து முதல் பாகத்தைப் புரட்டியதுமே நெஞ்சில் குத்தியது 'லை' என்ற எழுத்து. அந்தத் தொடர் முதலில் வந்தது 1950 முதல் 1954 வரை. அப்போது லை, ளை, னை எல்லாம் மேலே தும்பிக்கை போட்டுத்தான் அச்சாகும். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் வேறு வடிவம். இப்போது நாம் எழுதும் வடிவத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978இல். பெரியாரின் 'குடிஅரசு' 1935லேயே மாறிவிட்டது, அது தனிக்கதை. கையில் இருந்ததோ முழுக்கப் புது எழுத்து. பின்னால் எப்போதோ மறுபடி வெளியிட்டபோது சேர்த்த தாள்கள். முன்னால் நாலைந்து தாள் மட்டும் மணியம் ஓவியத்தின் ஜெராக்ஸ், பழசாகத் தெரியும்படி கறை ஏற்றியது.

பக்கங்களின் பின்புறம் இருந்த விளம்பரங்களும் காட்டிக்கொடுத்தன. ஒன்றில் விலை ரூ. 12.50. தசமக் காசு வந்ததே 1957 ஏப்ரலில். அதற்கு முன் என்றால் ரூ. 12-8-0 என்று அணாக் கணக்கில் இருந்திருக்கும். இன்னொன்றில் ஆறு இலக்க பின்கோடு. அது 1972 ஆகஸ்டில் வந்தது. ஆகவே, யாராவது 'ஐம்பதுகளின் பைண்டிங்' என்றால் அட்டையை விடுங்கள், ஒவ்வொரு பாகத்தின் நடுவிலிருந்தும் விளம்பரம் உள்ள இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான ஆள் அனுப்பிவிடுவார்.

விற்றவரிடம் கேட்டேன். "பாத்துத்தானே வாங்குனீங்க?" என்றார். அப்புறம் பிளாக் செய்துவிட்டார். நானும் பேசித் தீர்க்கலாம் என்று பன்னிரண்டு நாளை வீணாக்கிவிட்டுத்தான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்தேன். அன்றைக்கே அழைத்திருக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போய்விட்டால் நிறுத்திவைப்பது கடினம்.

பணத்தைவிட என்னை அழவைத்தது அடுத்தது. அந்த ஐந்து பாகங்களையும் வந்த கையோடு அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று வாரத்தில் தட்டில் மாவு மாதிரித் தூள், பக்கத்துப் புத்தகங்களின் முதுகில் ஊசித் துளைகள். வண்டுப் புழு. எந்தப் புத்தகம் எந்தத் தேதியில் எந்தத் தட்டுக்குப் போனது என்று நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். அதனால்தான் எங்கே தொடங்கியது என்று பிடிக்க முடிந்தது. இருந்தும் பதினோரு புத்தகங்கள் போய்விட்டன. வெள்ளத்துக்குப் பின் முதன்முதலாக வாங்கியதும் அதில் ஒன்று.

இப்போது எந்தப் பழைய புத்தகம் வந்தாலும் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்கிறேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, குளிர் முழுவதும் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். வேப்பிலை, வசம்பு எல்லாம் வைக்கலாம்தான், ஆனால் உள்ளே துளைத்துப் போய்விட்ட புழுவை அவை கொல்லும் என்று நம்பாதீர்கள்.

அதே ஆள் நேற்று வேறு பெயரில் அதே படங்களைப் போட்டிருக்கிறார். கரும்பச்சை காலிகோ துணி முதுகு, மூன்றாம் பாகத்தின் கீழ்மூலை கிழிந்திருக்கும். இப்போது விலை 16,000.