ஈபேயின் 'பெஸ்ட் ஆஃபர்': நாணயம் விற்பவர்களுக்கு எப்படி?

இணையச் சந்தையான ஈபேயில், குறித்த விலைக்குப் பதிலாக வாங்குபவர் தன் விலையைச் சொல்லிக் கேட்கும் வசதிதான் 'பெஸ்ட் ஆஃபர்'. இதில் விற்பவர், தானாக ஏற்கும் விலை, தானாக மறுக்கும் விலை என இரண்டு எல்லைகளை முன்கூட்டியே குறித்துவிடலாம். வாங்குபவர் கண்ணில் அவை படாது. அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம். அருமையான வசதி.

ஆபத்து வெள்ளி நாணயங்களில்தான். 1921 மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயத்தின் எடை 26.73 கிராம், 90% வெள்ளி, அதாவது சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி. வெள்ளி ஏறிய பிறகும் பழைய எல்லையை மாற்றாமல் விட்டால், உலோக மதிப்புக்கும் கீழே நாணயம் தானாகவே விற்றுப்போகும். வாரம் ஒருமுறையாவது திருத்துங்கள். தபால் கட்டணத்தின் மீதும் ஈபே கமிஷன் பிடிப்பதால், அதையும் கழித்துப் பார்த்தே எல்லையைக் குறியுங்கள்.

வாங்குபவர் கேட்ட விலைக்குப் பதிலாக நீங்கள் சொல்லும் எதிர்விலையோடு ஒரு குறிப்பும் எழுதலாம். அதே தரத்து நாணயம் அண்மையில் என்ன விலைக்குப் போனது என்று அதில் சொன்னால் பேரம் சீக்கிரம் படியும்.