பாயிண்ட்: வாங்குவதா, ஜிக்கில் கட்டுவதா, காகிதத்தின் மேல் கட்டுவதா?

சென்ட்ரலில் கிளம்பும் வண்டி பேசின் பிரிட்ஜ் தாண்டும்வரை எத்தனை பாயிண்ட்களின் (ஒரு தடம் இரண்டாகப் பிரியும் அமைப்புகளின்) மேல் ஊர்ந்து போகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். தடங்கள் பிரிந்து, வெட்டி, மறுபடி சேரும் அந்த அழகை வீட்டில் ஒரு பலகைமேல் மாடல் ரயிலாகக் கொண்டுவர நினைப்பவருக்கு முதல் கேள்வியே பாயிண்ட்தான். எஞ்சினும் பெட்டியும் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பாயிண்ட் சரியில்லை என்றால் எதுவும் ஓடாது.

ரெடிமேட் பாயிண்ட்டை முதலில் பார்ப்போம். மாடல் தடம் செய்யும் பிரிட்டிஷ் நிறுவனமான பெகோவின் ஸ்ட்ரீம்லைன் வரிசையில் சிறியது 610 மி.மீ. ஆரம், நடுத்தரம் 914, பெரியது 1524. மூன்றிலும் கிராஸிங் கோணம் (தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கோணம்) ஒன்றே, 12 டிகிரி. அதனால் ஒன்றோடு ஒன்று சுலபமாகப் பொருந்தும். பெட்டியிலிருந்து எடுத்து வைத்த அன்றே வண்டி ஓடும். ஆனால் 12 டிகிரி என்றால் ஏறக்குறைய 4.7 அளவு முன்னே போவதற்குள் 1 அளவு விலகிவிடும். நம் ரயில்வேயில் பயணிகள் தடத்தில் வழக்கமானது ‘ஒன் இன் டுவெல்வ்’ (12 அளவு முன்னே போனால் 1 அளவு விலகும்), யார்டில் ‘ஒன் இன் எய்ட் அண்ட் ஹாஃப்’. ஒன் இன் டுவெல்வின் வளைவு ஆரம் 441 மீட்டர். எச்.ஓ. என்ற மாடல் அளவுப்படி 87-ல் ஒன்றாகச் சுருக்கினால் 5 மீட்டர் வருகிறது. யார்டு பாயிண்ட்டின் 232 மீட்டர்கூட 2.67 மீட்டர் ஆகும். அதன் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள கடைப் பாயிண்ட்டை வைத்தால், நீளமான ஐ.சி.எஃப். பெட்டிகள் அதில் திரும்பும்போது மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு உறுத்தும்.

இன்னொரு விஷயம் அகலம். நம் பிராட்கேஜ் 1676 மி.மீ. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தடம் 16.5 மி.மீ.; அது உலகில் பரவலாக உள்ள 1435 மி.மீ. தடத்துக்கான கணக்கு. நம் அகலத்தை அதே அளவில் சுருக்கினால் 19.3 மி.மீ. வேண்டும். அந்த அகலத்தில் பாயிண்ட் வேண்டுமென்றால் கடையை நம்பிப் பயனில்லை, கையால்தான் கட்டியாக வேண்டும்.

அடுத்தது ஜிக். கனடாவின் ஃபாஸ்ட் டிராக்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும், குடைந்தெடுத்த உலோகத் தட்டு. தண்டவாளத்தை அந்தப் பள்ளத்தில் வைத்து, காப்பர் கிளாட் (செம்பு பூசிய போர்டு) ஸ்லீப்பர்மேல், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையின்மேல், சால்டர் செய்தால் அளவு தவறவே தவறாது. பத்து பாயிண்ட் கட்டினாலும் பத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். குறையும் அதிலேயே இருக்கிறது: ஒரு ஜிக்குக்கு ஒரு கோணம், ஒரு வளைவு, ஒரு தண்டவாள உயரம்தான். விலையோடு அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் நான்கைந்து பாயிண்ட்டுக்காக வாங்குவது வீண். ஒரே மாதிரி நிறைய வேண்டிய யார்டு என்றால், நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஜிக் வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

என் மனம் சாய்வது மூன்றாவது வழிக்கு. டெம்ப்ளாட் என்ற இலவச மென்பொருளில் நமக்கு வேண்டிய கோணம், ஆரம், தட அகலம் எல்லாவற்றையும் கொடுத்து வரைந்து, மாடலின் முழு அளவில் அச்சடித்து, அந்தக் காகிதத்தின் மேலேயே கட்டுவது. வளைவிலேயே பிரியும் பாயிண்ட்டா? வரையலாம். 19.3 மி.மீ. அகலமா? வரையலாம். இடத்துக்கு ஏற்ற பாயிண்ட் கிடைக்கிறது. பாயிண்ட்டுக்காக இடத்தை வளைக்க வேண்டியதில்லை. ஜெராக்ஸ் கடையில் அச்சடிக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்: தாளுக்குள் அடங்கச் சுருக்காமல் நூறு சதவீதத்தில் எடுக்க வேண்டும். வாங்கியதும் அங்கேயே ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

காப்பர் கிளாட் போர்டு, ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பூச்சு), சால்டர் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளத்தை மட்டும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். விலை குறைவு என்று ஸ்டீல் தண்டவாளம் பக்கம் போகாதீர்கள், நம் கடல் காற்றில் துருவோடு தினமும் போராட வேண்டியிருக்கும். அதே காரணத்தால் சால்டர் செய்து முடித்ததும் மிச்சமுள்ள ஃப்ளக்ஸை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவிவிடுவது நல்லது.

உழைப்பு எங்கே என்றால், அரத்தில். டங் ரெயிலின் (வழி மாற்ற நகரும் தண்டவாளத்தின்) நுனியைச் சீவி ஸ்டாக் ரெயிலோடு (பக்கத்தில் அசையாமல் இருக்கும் தண்டவாளத்தோடு) ஒட்டிப் படுக்கும்படி செய்ய வேண்டும். இரண்டு தண்டவாளங்களைச் சரியான கோணத்தில் தேய்த்துச் சேர்த்தால்தான் கிராஸிங் மூக்கு, அதாவது அவை கூடும் கூர்முனை, கிடைக்கும். அதைவிட முக்கியம் கிராஸிங்குக்கு எதிரே, தண்டவாளத்தின் உட்பக்கம் வைக்கும் சிறு செக் ரெயில். அது எதிர்ச் சக்கரத்தின் உட்பக்கத்தைப் பிடித்து இழுப்பதால்தான் இந்தப் பக்கச் சக்கரம் மூக்கில் முட்டாமல் போகிறது. அந்த இடைவெளி கொஞ்சம் தளர்ந்தாலும் வண்டி தடம் புரளும். 16.5 மி.மீ. தடத்தில் கட்டுபவர்கள் என்.எம்.ஆர்.ஏ. என்ற அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கேஜ் தகட்டை (இடைவெளிகளை அளக்கும் தகட்டை) வைத்து ஒவ்வோர் இணைப்புக்குப் பிறகும் சரிபார்க்கலாம். 19.3-ல் கட்டுபவர்கள் அதற்கான கேஜைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். அப்புறம் இரண்டு தண்டவாளங்களும் மின்சாரத்தில் சேராதபடி ஸ்லீப்பர்களின் செம்புப் பூச்சில் வெட்டு போட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் மின்சாரம் கொடுத்ததும் ஷார்ட்தான்.

நான்காவதாக, 3டி அச்சு ஸ்லீப்பர்கள். தண்டவாளத்தைப் பிடிக்கும் சிறிய சேர்கள் வரை அச்சில் வந்துவிடுவதால் தோற்றத்தில் மற்ற எதுவும் இதற்கு நிகரில்லை. ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் தடம் வைத்திருப்பவர் மே மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பெட்ஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் கொஞ்சம் தாங்கும். கரண்ட் ஒயரைச் சால்டர் செய்யும்போதும் பிளாஸ்டிக் உருகும், எனவே ஒயரை முதலில் தண்டவாளத்தில் பற்றவைத்துவிட்டு அப்புறம் ஸ்லீப்பரில் கோர்ப்பது மேல்.

நான் சொல்வது இதுதான்: மலைக்கு அடியிலோ பலகைக்குப் பின்னாலோ மறைந்திருக்கும் தடத்துக்கு ரெடிமேட் போதும். கண்முன் இருக்கும் நிலைய முகப்புக்குக் காகிதத்தின் மேல் கட்டுங்கள். முதலில் நேர்த்தடத்திலிருந்து பிரியும் சாதாரண பாயிண்ட் ஒன்றைக் கட்டி, கையால் ஒரு வேகனைத் தள்ளிப் பாருங்கள். அது தடங்கலில்லாமல் இரண்டு பக்கமும் போன பிறகு வளைவுப் பாயிண்ட்டுக்கு வரலாம். கிராஸிங்கை உலோகத்தில் கட்டியிருப்பதால், பாயிண்ட் மாறும்போது அதன் மின் துருவமும் மாற வேண்டும். அதற்கு ஒரு மைக்ரோ சுவிட்ச் போதும், அதுவும் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும்.