ஷாக்பார்க் ஹிக்கரியா, பெக்கானா, பிளாக் வால்நட்டா? மிசௌரில கொட்டை மரம் வைக்கறவங்களுக்கு

அமெரிக்காவுல மிசௌரில வீடு வாங்கி பின்னாடி கொஞ்சம் இடமும் இருந்தா, கொட்டை மரம் வைக்க ஆசைப்படறவங்களுக்கு இந்த மண்ணோட சொந்த மரமே மூணு இருக்கு: பெக்கான், பிளாக் வால்நட், ஷாக்பார்க் ஹிக்கரி. நான் ஹிக்கரி வச்சவன், அதனால அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுவேன், இப்பவே சொல்லிடறேன்.

மூணும் பெருசா வளரும், மூணுக்கும் நல்ல வெயில் வேணும், மூணுலயும் முதல் பங்கு அணிலுக்கு. இதுல பேச ஒண்ணும் இல்ல.

பிளாக் வால்நட்டைத்தான் முதல்ல தள்ளினேன். அதோட வேர்லேர்ந்து ஜக்லோன்னு ஒரு ரசாயனம் மண்ணுல இறங்கும், பக்கத்துல தக்காளி கத்தரி மிளகா எல்லாம் வாடிடும்னு சொல்வாங்க, நம்மாளுங்க தோட்டத்துல இந்த மூணும் போயிட்டா அப்புறம் என்ன இருக்கு சொல்லுங்க. பச்சைத் தோலை உரிச்சா கையெல்லாம் கறை, சோப்பு போட்டாலும் போகாது. ஓடும் மூணுல அதுக்குத்தான் முரட்டு ஓடு. ஒரே ஒரு நல்லது, இந்த ஊர்ல அறுவடை சமயத்துல அதை எடை போட்டு வாங்கிக்கற இடங்கள் இருக்கு, விக்கறதுதான் நோக்கம்னா அதையே வைங்க.

பெக்கான்ல குறை சொல்ல கஷ்டம். ஓடு மெலிசு, எடைல பாதிக்கு மேல பருப்பு, முழுசா வெளிய வரும். இங்க இருக்கற குளிருக்கு கான்சா, பானி மாதிரி ரகம் இருக்கு. ஆனா ஒரு ரகத்துல மகரந்தம் முந்தும், இன்னொண்ணுல பெண்பூ முந்தும், ஜோடியா வச்சாத்தான் நல்லா காய்க்கும், அவ்வளவு இடம் எல்லார்கிட்டயும் இருக்காது. அதை விடுங்க, பெக்கான் கடைல வருஷம் பூரா கிடைக்குது. ஹிக்கரி பருப்பைக் கடைல பாக்கறதே அபூர்வம்.

சரி, ஏன் கடைல இல்ல? உடைக்கிற வேலைதான். ஹிக்கரி வேணாம்னு சொல்றவங்க எல்லாரும் சொல்ற காரணம் இது ஒண்ணுதான், அதுல உண்மையும் இருக்கு, ஆனா முழுசா இல்ல. மரத்துக்கு மரம் கொட்டை ரொம்ப மாறும். ஒரு மரத்துல ஓடு தடிப்பா பருப்பு பொடிப்பொடியா வரும், அதே வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கற மரத்துல ரெண்டு பாதியா கழண்டு வரும். அதனால மூட்டை கட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மரத்துக்கடியிலயும் நாலஞ்சு உடைச்சுப் பாக்கணும். கொட்டை கொஞ்சம் தட்டையா இருக்கும், குறுகலான ஓரம் மேல வர்ற மாதிரி கல்லுல நிறுத்தி, காம்புப்பக்கமா சுத்தியால ஒரே அடி, பலமா இல்லாம அளவா. மிச்சம் ஒட்டிட்டு இருக்கறதை கட்டிங் பிளேயரால ஓட்டைக் கொறிச்சு எடுத்துடலாம். பொறுக்கின உடனே உடைக்காதீங்க, சில வாரம் காத்தாட காயணும். சின்னதா ஓட்டை இருந்தா புழு தின்னுட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தம், தண்ணில போட்டு மிதக்கறதையும் கழிச்சுடுங்க.

பருப்பை நோண்டி எடுக்கவே பொறுமை இல்லன்னா செரோக்கின்னு இங்கத்திய பழங்குடி மக்கள் வழி இருக்கு, கனுச்சின்னு சொல்வாங்க. பெரிய ஓட்டுத் துண்டைப் பொறுக்கி எறிஞ்சுட்டு மிச்சத்தை அப்படியே இடிச்சு உருண்டை பிடிச்சு வச்சுக்கறது, வேணும்போது வெந்நீர்ல கரைச்சு வடிகட்டறது, தேங்காய்ப்பால் எடுக்கற மாதிரியேதான். அதுல சோறோ மக்காச்சோளமோ போட்டு சாப்பிடுவாங்க. நான் அரிசியும் வெல்லமும் போட்டேன், பாயசம்னு சொல்லிக் கொடுத்தா யாரும் மறுக்க மாட்டாங்க.

அடையாளம் முக்கியம். ஷாக்பார்க்குக்கு பட்டை நீள நீளமா உரிஞ்சு தொங்கும், ஒரு இலைல பெரும்பாலும் அஞ்சு சிற்றிலை, காய்த்தோல் சுத்தமா நாலா பிளக்கும். ஆத்தோரத் தாழ்வுல ஏழு சிற்றிலையோட இருந்தா அது ஷெல்பார்க் ஹிக்கரி, கொட்டை பெருசு ஓடும் தடிப்பு, அதையும் சாப்பிடலாம். மொட்டு கந்தக மஞ்சளா இருந்தா பிட்டர்நட் ஹிக்கரி, வாய்ல வைக்க முடியாத கசப்பு. பளபளன்னு வழவழப்பா பழுப்பு விதை, அதுல வெளிறின வட்டம் இருந்தா அது பக்ஐ (buckeye)ங்கற வேற மரத்தோடது, விஷம், குழந்தைங்க கைல கொடுக்காதீங்க.

வளர்க்கறதுல என் அனுபவம் கம்மிதான், நான் வச்ச ஒட்டுக்கன்னு இன்னும் காய்க்கல, இப்போதைக்குப் பக்கத்து மேய்ச்சல் நிலத்து மரங்கள்ல கேட்டுப் பொறுக்கறதுதான் ஓடுது. விதை போட்டா நல்ல காய்ப்புக்கு 40 வருஷம் ஆகும், அதனால கிரெயிஞ்சர், யோடர் மாதிரி லேசா உடையறதுக்காகவே தேர்ந்தெடுத்த ரகத்துல ஒட்டுக்கன்னா வாங்குங்க. ஆணிவேர் ஆழமா போகும், சின்னக் கன்னாவே நட்டுடணும், அப்புறம் இடம் மாத்த முடியாது.

காய்ப்பும் வருஷா வருஷம் ஒரே மாதிரி இருக்காது, ஒரு வருஷம் கொட்டும், அடுத்தது பேருக்குத்தான். கொட்டின வருஷம் நிறைய எடுத்து வச்சுக்கங்க, உடைச்ச பருப்பை மட்டும் ஃப்ரீசர்ல போட்டுடுங்க, எண்ணெய் ஜாஸ்தி, வெளிய வச்சா சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும்.