ஐஹொளெயா, பட்டடக்கல்லா?

கர்நாடகத்துப் பாதாமியில் தங்கியாயிற்று, கையில் ஒரே ஒரு நாள். மலப்பிரபா ஆற்றங்கரையில் இரண்டு சாளுக்கியக் கிராமங்கள். பட்டடக்கல் சுமார் 22 கி.மீ., அதைத் தாண்டி ஐஹொளெ. ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்பார்கள். முடிக்கலாம்தான். சாயங்காலம் போட்டோக்களைப் புரட்டும்போது எந்தத் தூண் எந்த ஊர் என்று குழம்பும்.

ஆறுதான் வேண்டும் என்றால் பட்டடக்கல். மலப்பிரபா இங்கே வடக்கு நோக்கி ஓடுவதால் இடத்துக்கே ஒரு புனிதம். சாளுக்கியர் பட்டம் சூட்டிக்கொண்ட ஊர் என்பது பெயரிலேயே இருக்கிறது. விருபாட்சர் கோயிலின் கிழக்கு வாசலைத் தாண்டினால் ஆறு. ஐஹொளெயும் ஆற்றங்கரைதான், ஆனால் பேர்போன கோயில்கள் ஆற்றை விட்டுத் தள்ளி நிற்கின்றன.

நம்மூர்க்காரர்களுக்குப் பட்டடக்கல்லில் இன்னொரு வசியம். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவரின் காஞ்சியை வென்றான்; அந்த வெற்றிக்காக ராணி லோகமகாதேவி எழுப்பியது விருபாட்சர் கோயில். விமானத்தைப் பார்த்ததுமே காஞ்சி கைலாசநாதர் ஞாபகம் வரும். வென்றவன் காஞ்சியைக் கொள்ளையடிக்காமல் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் கைலாசநாதர் கோயிலில் இருக்கிறது. ராணியின் தங்கை கட்டிய மல்லிகார்ஜுனர் கோயில் பக்கத்திலேயே. வடநாட்டுப் பாணி நாகர சிகரமும் நம் தென்னாட்டுத் திராவிட விமானமும் ஒரே வளாகத்தில் அருகருகே நிற்கின்றன. 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் புல்தரை, வேலி, ஒழுங்கு எல்லாம் உண்டு. எனக்கு அந்த ஒழுங்குதான் கொஞ்சம் உறுத்தல்.

ஐஹொளெயில் அது கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள், சில வீடுகளோடு ஒட்டிக்கொண்டு. லாட்கான் கோயிலுக்குப் பெயர் வந்ததே அதில் குடியிருந்த ஒருவரால். அதன் கூரையை அண்ணாந்து பாருங்கள்: பலகைகளின் இணைப்பை மூடும் மரச்சட்டம் போலவே நீள நீளமாகக் கல்லைச் செதுக்கிப் போட்டிருக்கிறார்கள். தச்சன் கை கல்லுக்கு மாறிய காலம் அது. துர்க்கை கோயில் நம் தூங்கானை மாட வடிவம், அதாவது படுத்த யானையின் முதுகுபோல் பின்பக்கம் வளைந்தது. பெயர் துர்க்கையால் வந்ததல்ல, பக்கத்திலிருந்த கோட்டையால்.

அப்புறம் மேகுடி குன்று. அங்குள்ள சமணக் கோயில் சுவரில் புலவர் ரவிகீர்த்தி எழுதிய 634-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. வடமொழிக் கவிகள் காளிதாசன், பாரவி பெயர்கள் அதில் வருகின்றன. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசிக்கு அஞ்சிப் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்ற பெருமையும் அதே கல்லில். எட்டே வருடத்தில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகர் வாதாபியைப் பிடித்த கதை நமக்குத் தெரியும். அந்த வாதாபிதான் காலையில் நாம் கிளம்பிய பாதாமி. இதற்காகவே என் ஓட்டு ஐஹொளெக்கு.

முட்டிவலி உள்ள அப்பா அம்மாவோடு போனால் மட்டும் யோசிக்காமல் பட்டடக்கல். மேகுடிக்குப் படி ஏறணும்.